நான்காம் சுவிட்ச்

என் தாய்மாமாவின் மேல் நான் புகார் எழுதிக் கொடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். கை நடுங்கியது, நெஞ்சு கனத்தது என்றெல்லாம் எழுதினால் அது பொய். கடுங்கோபத்தில் இருந்தேன். ஒரே மூச்சில் ஒன்றேகால் பக்கம் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு எங்கள் அலுவலகப் பொறியாளரின் மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்கும்மா உனக்கு" என்றார். அந்த ஆள் என்னிடம் பாராட்டிய ஒரே விஷயம் அதுதான்.

சங்கதி இதுதான். குன்றின் மேல் ஊருக்கான தண்ணீர்த் தொட்டி. நான்கு கிலோமீட்டர் தள்ளிக் கீழே பம்ப் ஹவுஸ். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை மேலே இருக்கும் ரேடியோ சொல்லும், கீழே இருக்கும் ரேடியோ கேட்கும். கேட்டதை ஒரு கம்பி வழியாகப் பக்கத்தில் இருக்கும் கன்ட்ரோலருக்குக் கொடுக்கும். கன்ட்ரோலர் மோட்டாரைப் போடும், நிறுத்தும். மனிதக் கை வேண்டாம். இந்த ஏற்பாட்டைப் பொருத்திப் பராமரிக்கத்தான் குடிநீர் அலுவலகத்தில் என்னை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பரீட்சை எழுதி, நேர்காணலில் நாற்பது பேரைத் தாண்டி வந்தேன். ஆனாலும் அலுவலகத்தில் எல்லோருக்கும் நான் 'பம்ப் ஆப்பரேட்டரோட அக்கா பொண்ணு'தான். மாமா சொல்லித்தான் வேலை கிடைத்ததாம். மாமாவின் பேச்சை அந்த அலுவலகத்தில் மோட்டார்கூடக் கேட்காது என்பது அவர்களுக்கும் தெரியும்.

பம்ப் ஹவுஸில் மூன்று ஆப்பரேட்டர்கள். மாமாதான் மூத்தவர். முழங்கால் வலிக்கு மருத்துவச் சான்று காட்டி, காலை ஆறு முதல் இரண்டு வரையிலான ஷிப்டை நிரந்தரமாகப் பிடித்து வைத்திருந்தார். ஓய்வுக்கு இன்னும் இரண்டரை வருடம். கீழே ரேடியோவும் கன்ட்ரோலரும் அடங்கிய என் பெட்டி முப்பது நாள் இடைவிடாமல் ஓடிவிட்டால் மூன்று ஆப்பரேட்டரில் ஒருவர் போதும் என்று மேலிடத்து உத்தரவு. மாமா உட்பட மற்ற இருவருக்கும் வேறு பம்ப் ஹவுஸ். எனக்கு அந்த முப்பது நாள் முடிந்தால் ஒரு வருட ஒப்பந்தம்.

பெட்டியை நான் மாட்டிய முதல் நாளே மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதுவா என்னை வீட்டுக்கு அனுப்பப் போறது?"

"வீட்டுக்கு இல்ல மாமா, வேற ஸ்டேஷனுக்கு."

"என் முட்டிக்கு ரெண்டும் ஒண்ணுதான். காலேஜுக்கு அனுப்பி வெச்சா, படிச்சிட்டு வந்து நேரா என் மடியில கை வைக்கிறா பாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

இரண்டு மாதம் பெட்டி சோதனை ஓட்டத்தில் ஒழுங்காக ஓடியது. முப்பது நாள் கணக்கு தொடங்க வேண்டிய நேரத்தில் ஓர் இடி மழையில் கன்ட்ரோலர் எரிந்தது. புதிது வந்தது, வேறு மாடல். அது ரேடியோவிடம் வேறு மாதிரிப் பேச்சை எதிர்பார்த்தது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரேடியோவும் கன்ட்ரோலரும் அந்தக் கம்பியில் பேச, இருவரும் சில விஷயங்களில் ஒத்துப்போக வேண்டும். எவ்வளவு வேகம், ஒரு எழுத்துக்கு எத்தனை பிட், கடைசியில் சரிபார்க்க ஒரு சாட்சி பிட் உண்டா இல்லையா. சாட்சி பிட்டுக்கு பாரிட்டி என்று பெயர். பழைய கன்ட்ரோலருக்கு அது வேண்டாம், புதிதுக்குக் கட்டாயம் வேண்டும். ஒருவர் சாட்சியோடு பேசி, இன்னொருவர் சாட்சியில்லாமல் கேட்டால் காதில் விழுவது எல்லாம் குப்பை. எங்கள் ரேடியோவில் இதையெல்லாம் அமைப்பதற்கு முகப்பில் நகக்கண் அளவுக்கு எட்டு சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். பாரிட்டிக்கு நான்காவது. அதை நகத்தால் மேலே தள்ளினேன். மின்சாரத்தை அணைத்துப் போட்டேன். ஓடியது.

அடுத்த புதன்கிழமை நின்றது.

புதன்தோறும் பத்து மணி முதல் பன்னிரண்டு வரை லைன் வேலைக்காக மின்சாரம் போகும். எங்கள் பெட்டிக்கு பேட்டரி கேட்டு நான் எழுதிய கடிதம் எந்த மேஜையில் தூங்குகிறதோ தெரியாது. பன்னிரண்டுக்கு மின்சாரம் வந்தது, பெட்டி வரவில்லை. கோளாறு மேலே இருக்குமோ என்று முதலில் குன்றுக்கு ஏறி, பிறகு கீழே வந்தபோது மணி மூன்று. மாமா வீட்டுக்குப் போயிருந்தார். பெட்டியைத் திறந்தேன். நான்காம் சுவிட்ச் கீழே இருந்தது.

சுவிட்ச் தானாக இறங்காது. எலி வந்து தள்ளாது. மேலே தள்ளி, ஓடவிட்டு, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"உன் தம்பி அந்தப் பக்கம் எதையாவது நோண்டுவாரா?"

"அவன் கையில எது கிடைச்சாலும் நோண்டுவான். சின்னப் புள்ளையில எங்கப்பா கடிகாரத்தைப் பிரிச்சுப் போட்டுட்டு, நான்தான் பண்ணேன்னு அடி வாங்க வெச்சான். ஏன்டி கேக்குற?"

"சும்மா."

"நீ சும்மா கேக்குற ஆளா?"

சும்மா இல்லைதான். பெட்டி நின்றால் மாமா கையால் மோட்டார் போட வேண்டும். குன்றுக் காவலாளி போனில் சொல்லச் சொல்ல, இவர் போட்டு நிறுத்துவார். பெட்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் மாமா அங்கே தேவைப்படுகிறார்.

இரண்டாவது புதனும் நின்றது. இந்த முறை நேராகப் பம்ப் ஹவுஸுக்கு ஓடினேன். பன்னிரண்டரை மணி. பெட்டியில் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. அரசாங்கப் பூட்டு இல்லை, கடையில் வாங்கிய பித்தளைப் பூட்டு.

"இது யாரு போட்டது?"

"நான்தான்." மாமா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

"எதுக்கு?"

"பாதுகாப்புக்கு. கண்டவன் கையும் இங்க வருது."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. திருடனே பூட்டு வாங்கிப் போடுகிறான் என்று நினைத்தேன். திறந்து கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். என் லேப்டாப்பைக் கம்பியில் மாட்டி, ஏதோ பெரிய வேலை செய்வதுபோல் தட்டிக்கொண்டே இருந்தேன். எந்த சுவிட்சைத் தொடுகிறேன் என்று இவருக்குக் காட்டக்கூடாது. உடம்பால் பெட்டியை மறைத்துக்கொண்டு, நான்காவதை மேலே தள்ளினேன். அவர் கண்ணில் பட்டது என் முதுகு மட்டும்தான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"என்ன கோளாறு?"

"சொன்னா புரியாது மாமா."

அவர் பூட்டை அழுத்திப் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்த வாரத்திலிருந்து என்னை 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தார். "வாங்க மேடம்." "சொல்லுங்க மேடம்." நான் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து கையில் தூக்கி வந்தவர்.

திங்கட்கிழமை பொறியாளர் கூப்பிட்டார்.

"ரெண்டு புதன்கிழமை. நாள் எண்ணிக்கை ஏழைத் தாண்ட மாட்டேங்குது. என்னம்மா நடக்குது?"

"செட்டிங்ஸ் மாறுது சார்."

"தானாவா?"

"தானா மாறாது."

"அப்ப மாத்துறது யாரு? அங்க காலையில இருக்கிறது உங்க மாமன். பெட்டிக்குப் பூட்டுப் போட்டு சாவியை இடுப்புல சொருகிட்டுத் திரியறதும் உங்க மாமன். பெட்டி செத்தா வேலை பிழைக்கிறதும் உங்க மாமன். நீ வாயைத் தொறக்க மாட்டேங்குற. மாமனும் மருமகளும் சேர்ந்து நாடகம் போடுறீங்களா?"

"சார்!"

"எழுத்துல குடு. இல்லேன்னா இதுல நீயும் கூட்டுன்னு நான் எழுத வேண்டியிருக்கும்."

எழுதிக் கொடுத்தேன். மிரட்டினதால் மட்டும் எழுதினேன் என்று இப்போது சொல்லிக்கொண்டால் சௌகரியமாக இருக்கும். உண்மை அதுவல்ல. நான் நம்பினேன். மின்சாரம் போய் அறை இருட்டாக இருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் பூட்டைத் திறந்து சுவிட்சை இறக்குகிறார் என்று வரிசையாக எழுதினேன். வேண்டுமென்றே சேதப்படுத்தியதாக நிரூபணமானால் வேலைநீக்கம், ஓய்வூதியமும் கிடையாது. அதுவும் எனக்குத் தெரியும். முப்பது வருட சர்வீஸ் என்று அம்மா பெருமையடிப்பது காதில் கேட்டது. கேட்டும் எழுதினேன்.

மறுநாள் மூன்றாவது புதன். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று ஒன்பதரைக்கே போய் உட்கார்ந்தேன்.

"என்ன மேடம், காலையிலேயே?"

"வேலை இருக்கு."

"செய்யுங்க. யாரு வேணாங்கிறா."

பத்துக்கு மின்சாரம் போனது. ஜன்னல் வழியே வந்த வெளிச்சத்தில் அவர் ஸ்டூலில், நான் எதிர் பெஞ்சில். இரண்டு மணி நேரம் அவர் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. அவர் என்னைக் காவல் காக்கிறார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒருமுறை ஒன்றுக்குப் போக எழுந்தவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். நானும் அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பெட்டியின் பக்கம் அவர் போகவே இல்லை. பூட்டு பூட்டியபடி இருந்தது.

பன்னிரண்டுக்கு மின்சாரம் வந்தது. பெட்டிக் கதவின் காற்றுத் துளைகள் வழியே ரேடியோவில் விளக்குகள் எரிவது தெரிந்தது. கன்ட்ரோலரில் சிவப்பு.

"தொறங்க" என்றேன். திறந்தார். நான்காம் சுவிட்ச் கீழே.

என் கண்ணெதிரில் யாரும் தொடவில்லை. அப்படியென்றால் மின்சாரம் போன பிறகு இறங்கியதல்ல, முன்பே இறங்கியிருக்கிறது. ஆனால் காலை பத்துமணி வரை பெட்டி நன்றாக ஓடியதே? அவர் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று, மின்சாரத்தை அணைக்காமலேயே சுவிட்சை மேலே தள்ளினேன். சிவப்பு போகவில்லை. கீழே, மேலே, மறுபடி கீழே. ரேடியோ சட்டையே செய்யவில்லை. இதற்கு முன் ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டுத்தான் தள்ளியிருந்தேன், அதனால் தெரியவில்லை. இந்தப் பெட்டி சுவிட்சுகளைப் பார்ப்பது ஒரே ஒரு தடவை, மின்சாரம் வந்து விழித்துக்கொள்ளும் நேரத்தில். பிறகு நாள் முழுக்க நீ எதைத் தள்ளினாலும் அடுத்த விழிப்பு வரை அதற்குத் தெரியாது. அந்த விழிப்பு எங்களுக்குப் புதன்கிழமை.

ஆக, வியாழன் முதல் புதன் காலை வரை எந்த நிமிடமும் யாரும் செய்திருக்கலாம். நேற்று நான் எழுதிக் கொடுத்த ஒன்றேகால் பக்கத்தில் நேரம் என்று எழுதிய அத்தனையும் தப்பு.

"ஷிப்ட் பதிவேட்டைக் குடுங்க" என்றேன். எந்தெந்த நாள் யார் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

மாமா பதிவேட்டை மார்போடு பிடித்துக்கொண்டார். "எதுக்கு? கிழிக்கவா?"

"நான் எதுக்குக் கிழிக்கிறேன்?"

"நான் எழுதி வெச்சிருக்கிறதைப் பாத்தா நீ கிழிப்ப."

பிடுங்காத குறையாக வாங்கினேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு வியாழன். மாமாவின் உருண்டைக் கையெழுத்து. 'காலை 6.10. பொறுப்பேற்கும்போது ரேடியோ பெட்டி 4ஆம் சுவிட்ச் மேலே இருந்தது. சார்ட்படி கீழே வைக்கப்பட்டது. இரவு ஷிப்டில் யாரோ தொட்டிருக்கிறார்கள்.'

அடுத்த வியாழன். 'மறுபடியும் 4ஆம் சுவிட்ச். சார்ட்படி சரி செய்யப்பட்டது. வேண்டுமென்றே செய்கிறார்கள். சொந்தச் செலவில் பூட்டுப் போடுகிறேன்.'

போன வியாழன். 'பூட்டு உள்ளபோதே மாறியிருக்கிறது. நேற்றுத் திறந்தது தொழில்நுட்ப உதவியாளர் மட்டும். சார்ட்படி சரி செய்யப்பட்டது. என்னை மாட்டிவிடும் எண்ணம் இருப்பதாகச் சந்தேகிக்கிறேன்.'

தொழில்நுட்ப உதவியாளர் நான்தான்.

பம்ப் ஹவுஸின் சட்டம் ஒன்று உண்டு. ஷிப்ட் மாறும்போது, சுவரில் ஒட்டியிருக்கும் சார்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒவ்வொரு சுவிட்சும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொறுப்பேற்றவர் மேல் மெமோ. மற்ற இருவரும் சார்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் வால்வு பேனலில் ஒரே ஒரு சுவிட்ச் இடம் மாறியிருந்ததற்காக மாமா ஒரு முறை மெமோ வாங்கியவர். தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தேன். ரேடியோ பெட்டிக்கான சார்ட். எட்டு சுவிட்ச், எட்டும் கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள். நான்காவது கீழே. அடியில் முதல் நாள் தேதி, என் கையெழுத்து, பக்கத்தில் என் பட்டம். புதுக் கன்ட்ரோலர் வந்தபோது சுவிட்சை மாற்றினேன். சார்ட்டை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. அது ஆப்பரேட்டர்கள் பார்க்கிற காகிதம்தானே, நான் எதற்குப் பார்க்கப் போகிறேன்?

"இந்த சார்ட் தப்பு மாமா" என்றேன்.

"நீதானே வரைஞ்ச."

"ஆமா. அப்புறம் செட்டிங் மாறிடுச்சு. நாலாவது மேல இருக்கணும். ஒவ்வொரு வாரமும் நான்தான் மேல தள்ளுனேன்."

அவர் கொஞ்ச நேரம் சார்ட்டைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த? சொல்றதுக்கு என்ன?"

"நீங்க மாத்துறீங்கன்னு நெனச்சேன்."

"நான் நீ மாத்துறன்னு நெனச்சேன். சரி விடு. மேல தள்ளு, சார்ட்டைக் கிழி."

"மாமா. நேத்து உங்க மேல புகார் எழுதிக் குடுத்துட்டேன்."

அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"பேர் போட்டா?"

"பேர் போட்டு."

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆபீஸ் அஞ்சுக்கு மூடிடுவாங்க. கிளம்பு" என்றார். அவ்வளவுதான்.

பதிவேட்டைப் படம் எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். மாமா எழுதிய ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே பச்சை மையில் ஒரு கையெழுத்து. வாராந்திர மேற்பார்வை. எங்கள் பொறியாளர். 'யாரோ தொட்டிருக்கிறார்கள்' என்ற வரிக்குக் கீழே போட்டிருக்கிறார், 'சந்தேகிக்கிறேன்' என்ற வரிக்குக் கீழேயும் போட்டிருக்கிறார். ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், காரணம் என் சார்ட் என்றும், பதிவேட்டின் பக்க எண்களோடு எழுதி நீட்டினேன். பொறியாளர் முதல் பத்தியோடு நிறுத்திக்கொண்டார்.

"புகார் ஹெட் ஆபீஸ் போயாச்சு. இனி இதை வாங்கி நான் என்ன பண்றது?"

"இதையும் அனுப்புங்க சார்."

"யோசிச்சுப் பேசு. இது போச்சுன்னா தப்பு உன்னோடதுன்னு ஆகும். அடுத்த மாசம் உன் கான்ட்ராக்ட் என் மேஜைக்குத்தான் வரணும். உங்க மாமாவுக்கு எப்படியும் வயசாச்சு."

"ரெண்டாவது பக்கத்தையும் படிங்க சார். உங்க கையெழுத்தைப் பத்தியும் அதுல இருக்கு."

படித்தார். முகம் சுருங்கியது. "இதை நான் வாங்க மாட்டேன்."

"வேண்டாம் சார்."

கீழ்த்தளத்தில், ஹெட் ஆபீஸுக்குப் போகும் கடிதங்களை வாங்கும் தபால் பிரிவு. அங்கே இருந்த பெண் எழுத்தர் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். ஐந்துக்குப் பத்து நிமிடம். "நாளைக்கு வாயேன்" என்றார். "நாளைக்கு வந்தா என் மாமா வேலை போயிடும்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையைக் கழற்றி வைத்தார். அசலில் ஒன்று, என் நகலில் ஒன்று, முத்திரை குத்தி எண் போட்டார். முத்திரை விழுந்துவிட்டால் அது இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கல்லூரியில் நான் படிக்காத பாடம் அது. சம்பளச் சீட்டு முதல் மெமோவுக்கான பதில்வரை எல்லாவற்றிலும் மாமா முத்திரை வாங்கி வைப்பதைப் பார்த்து அம்மா சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

விசாரணை அடுத்த திங்கட்கிழமை. ஹெட் ஆபீஸிலிருந்து வந்த பெண் அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பதிவேட்டைப் படித்தார். மாமாவிடம் ஒரே கேள்வி: "சந்தேகம்னு எழுதினீங்களே, அந்தப் பொண்ணுகிட்ட நேரா ஏன் கேக்கல?" மாமா, "அது பெரிய படிப்பு படிச்சது மேடம். சொன்னா புரியாதுன்னுடுச்சு" என்றார். அறையில் யாரோ சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அதே கேள்வி எனக்கும் வந்தது. "அவர்தான்னு முடிவு பண்ணிட்டேன் மேடம். அதனால கேக்கல" என்றேன்.

புகார் தள்ளுபடி. மாமாவின் சர்வீஸில் கறை இல்லை, ஓய்வூதியத்துக்கு ஆபத்தில்லை. முப்பது நாள் முடிந்ததும் ஏற்கனவே சொன்னபடியே வேறு ஸ்டேஷன், அதுவும் தரைத்தளமாகப் பார்த்துக் கொடுக்கச் சொன்னார் அதிகாரி. எனக்கு மெமோ, ஒரு வருடத்துக்குப் பதில் மூன்று மாத ஒப்பந்தம். பச்சை மை பொறியாளருக்கு 'இனி கவனமாக இருக்கவும்' என்று வாய்வார்த்தையாக ஒரு அறிவுரை. மூன்று பேர் செய்த தப்புக்கு எழுத்தில் கிடைத்தது எனக்கு மட்டும்தான். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

வெளியே பஸ் நிறுத்தத்தில் மாமா எனக்கு முன்பே நின்றிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"முத்திரை போட்ட காப்பி உன்கிட்ட இருக்குல்ல?"

"இருக்கு."

"குடு."

"எதுக்கு மாமா? அதான் முடிஞ்சிடுச்சே."

"குடுன்னா குடு."

கொடுத்தேன். வெயிலில் பிடித்து முத்திரையைப் பார்த்தார், எண்ணைப் படித்தார், இரண்டு பக்கத்தையும் வரி விடாமல் படித்தார். நாலாக மடித்துச் சட்டையின் உள்பையில் வைத்துப் பொத்தானும் போட்டார்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"சொல்லாத. முதல்ல உன்னைத் திட்டுவா. அப்புறம் உனக்காக என்கிட்ட வந்து பேசுவா. ரெண்டையும் கேக்க எனக்குத் தெம்பில்ல."

"அந்தக் காப்பி என்கிட்ட இருந்தா என்ன மாமா? நான் இனிமே மாத்தியா எழுதப் போறேன்?"

"போன வாரம் நீ எழுதுவன்னு எனக்குத் தெரியுமா?"

பஸ் வந்தது. அவர் முன் வாசலில் ஏறினார், நான் பின் வாசலில்.